மெழுகுவதிலிருந்து துடைப்பதற்கு

அடுப்படி வேலைகளுக்குத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சம் கிடையாது. பாத்திரத்தை விளக்குகிறோம், துலக்குகிறோம், தேய்க்கிறோம். அம்மியைக் கொத்துகிறோம். தரையைப் பெருக்குகிறோம். மண் அடுப்பை மெழுகினோம். கேஸ் அடுப்பை மட்டும் துடைக்கிறோம், மேசைத் தூசியைத் துடைப்பதைப்போல. அந்தச் சொல்லுக்குள் நேரமும் இல்லை, உழைப்பும் இல்லை. “அடுப்பைத் துடைச்சிட்டு வந்து படுக்குறேன்” என்று ஒரு பெண் சொன்னால், அவள் ஒரு வேலையைப் பற்றிப் பேசுகிறாள் என்று வீட்டில் யாரும் எடுத்துக்கொள்வதில்லை. படுக்கப் போகிறாள் என்பது மட்டுமே காதில் விழும்.

அடுப்பின் வரலாறு என்று நமக்குச் சொல்லப்படுவது பெரும்பாலும் எரிபொருளின் வரலாறு. விறகு, கரி, மண்ணெண்ணெய், எரிவாயு என்று ஒரு வரிசை; எந்த ஆண்டு வந்தது, எந்த அரசு கொடுத்தது, எந்தக் கம்பெனி விற்றது என்ற தகவல்கள். நேற்றுச் சமைத்த அடுப்பை இன்று மறுபடி எரியும் நிலையில் வைத்திருந்தது யார் என்ற கேள்வி அதில் வருவதில்லை. கல்லூரியில் வரலாறு கற்பித்த ஆண்டுகளில் நீராவி எந்திரத்துக்குப் பல வகுப்புகள் செலவழித்திருக்கிறேன். பாடத்திட்டத்தில் அடுப்புக்கு ஒரு வரிகூட இல்லை. ஓய்வுபெற்ற பிறகு, மதுரையில் எங்கள் தெருப் பெண்கள் சிலரிடமும் அம்மாவிடமும் இதைப் பற்றிக் கேட்கத் தொடங்கினேன். “இதுல என்னம்மா வரலாறு இருக்கு?” என்றுதான் எல்லோரும் ஆரம்பித்தார்கள். பிறகு ஒவ்வொருவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள்.

என் அப்பத்தா மேலூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர். அவர் வீட்டு அடுப்பு அவரே போட்டது. களிமண்ணில் வைக்கோல் துணுக்கைப் போட்டு மிதித்து, மூன்று குமிழ் வைத்து, பக்கத்தில் கொடியடுப்புக்கு வழி விட்டு, நாலைந்து நாள் காயவைத்து, பிறகுதான் தீ மூட்டுவார். (கேஸ் அடுப்பில் திருகுவதற்கும் எழுத்துத் தமிழில் குமிழ் என்றே பெயர். பேச்சில் நாப் என்கிறோம்.) அடுப்புப் போடத் தெரிந்த கை என்று ஊரில் அவருக்குப் பெயர் இருந்தது, புது வீடு கட்டியவர்கள் கூப்பிட்டுப் போவார்கள். தினமும் விடியலில் சாம்பலை அள்ளி ஒரு சட்டியில் சேர்ப்பார். பாத்திரம் விளக்கவும் செடிக்குப் போடவும் அது வேண்டும். சாணியைக் கரைத்து அடுப்பை மெழுகி, ஈரம் காய்ந்ததும் அரிசி மாவில் இரண்டு இழை இழுப்பார். விரிசல் கண்டால் செம்மண் வைத்துப் பூசுவார். சட்டியின் வெளிப்புறத்தில் சாம்பலைக் குழைத்துப் பூசிவிட்டு அடுப்பில் ஏற்றுவதும் உண்டு. கரி பிடித்தாலும் கழுவும்போது சாம்பலோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும்.

செய்தவர், பயன்படுத்தியவர், பழுது பார்த்தவர் மூவரும் ஒரே ஆள். மெழுகுவது அன்றாட வேலைதான், ஆனால் அது எல்லோர் கண்ணிலும் பட்ட வேலை. மெழுகாத அடுப்பில் உலை ஏறாது என்பதால் அதற்கென்று ஒரு நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. இதைச் சொல்வதால் நான் விறகடுப்புக்காக ஏங்குகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அப்பத்தாவின் கண்கள் எப்போதும் சிவந்திருக்கும். கடைசிப் பத்து ஆண்டுகள் இருமிக்கொண்டே இருந்தார். வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அந்தப் புகைக்கு மிக அருகில், மிக நீண்ட நேரம் உட்கார்ந்திருப்பவர்கள் பெண்களும் அவர்கள் மடியில் இருக்கும் குழந்தைகளும்தான்.

புகையைப் போக்க வேண்டும் என்ற அக்கறை புதிதல்ல. ஹைதராபாத்தில் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் இருந்த எஸ்.பி. ராஜு புகைபோக்கி வைத்த மண் அடுப்பு ஒன்றை வடிவமைத்தார். அவருடைய கையேடு 1953இல் சென்னையில் அச்சாகி வெளிவந்தது. 1980களில் மத்திய அரசு மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கென்றே தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. நம் கிராமங்களிலும் ‘புகையில்லா அடுப்பு’ என்ற பெயரில் அது வந்தது. புகைபோக்கிக் குழாயில் கரி அடையும். அதை அவ்வப்போது தட்டி எடுக்காவிட்டால் புகை திரும்பி வீட்டுக்குள்தான் வரும். ரேமா ஹன்னா, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் மூவரும் ஒடிசா கிராமங்களில் இத்தகைய அடுப்புகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். முதல் ஆண்டில் சுவாசித்த புகை குறைந்தது. அதற்குப் பிறகு பலன் இல்லை. குடும்பங்கள் அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவுமில்லை, பராமரிக்கவுமில்லை என்பது அவர்கள் கண்டது. எனக்கு இதில் உறுத்துவது ‘குடும்பங்கள்’ என்ற சொல். கூரைமேல் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயைத் தட்ட ஏணி வைத்து ஏற வேண்டும். அந்த வேலை யாருடையது என்று அடுப்பைக் கொடுத்தவர்கள் கேட்டிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம்.

நகரத்துக்கு வந்த என் அம்மாவின் முதல் அடுப்பு மண்ணெண்ணெய் அடுப்பு. திரி ஸ்டவ் ஒன்று, பம்ப் ஸ்டவ் ஒன்று. திரி ஸ்டவ்வில் வாரம் ஒருமுறை திரிகளை ஏற்றி, கருகிய முனையைக் கத்திரிக்கோலால் ஒரே அளவில் நறுக்க வேண்டும். ஒரு திரி தூக்கி நின்றாலும் புகை. பம்ப் ஸ்டவ் இன்னும் நுணுக்கம் கேட்பது. ஸ்வீடன்காரர் ஒருவர் 1892இல் உருவாக்கிய ப்ரைமஸ் அடுப்பின் வம்சம் அது. கிண்ணத்தில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிப் பற்றவைத்து, தலை சூடானதும் காற்றடித்து, நுண்துளை அடைத்துக்கொண்டால் பின்னால் குத்தி, வாஷர் தேய்ந்தால் மாற்றி... தகரத்தில் செருகிய மெல்லிய கம்பிதான் பின். ஐந்து பைசாவுக்கு விற்ற அந்தப் பின் இல்லாவிட்டால் வீட்டில் சோறு இல்லை. அம்மா அதைத் தாலிச் சரட்டில் கோத்து வைத்திருந்ததாகச் சொன்னார். ஊக்குகளோடு ஊக்காக அதுவும்.

இந்த அடுப்பின் வரலாற்றில் ஒரு பகுதி காவல் நிலையங்களிலும் அரசு மருத்துவமனைத் தீக்காயப் பிரிவுகளிலும் எழுதப்பட்டது. ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி’ என்ற கட்டச் செய்தியை எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நாளிதழ் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அழுத்தத்தில் இயங்கும் அடுப்பு, வெடிக்கக் கூடியதுதான். அதனாலேயே அது நல்ல சாக்காகவும் இருந்தது. பராமரிப்பு பெண்ணின் பொறுப்பு என்று ஏற்கெனவே முடிவான வீட்டில், அதிகமாகக் காற்றடித்துவிட்டாள், அடைப்பைச் சரியாக எடுக்கவில்லை, கவனக்குறைவு என்று சொல்லிவிட்டால் விசாரணை அங்கேயே நின்றுவிடும். மாமியார் சமைக்கும்போது வெடிக்காத ஸ்டவ் மருமகள் சமைக்கும்போது மட்டும் ஏன் வெடிக்கிறது என்று பெண்கள் இயக்கங்கள் கேட்ட கேள்வி எளிமையானது. அதைச் சட்டத்தின் காதில் போட ஆண்டுகள் பிடித்தன. 1979இல் டெல்லியில் வரதட்சணைச் சாவுக்கு எதிராகப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 1983இல் கணவன் வீட்டாரின் கொடுமையைக் குற்றமாக்கும் 498ஏ பிரிவும், 1986இல் வரதட்சணை மரணத்துக்கான 304பி பிரிவும் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்தன. திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் தீக்காயத்தால் இறந்து, இறப்பதற்குச் சற்று முன்பு வரதட்சணைக்காகக் கொடுமைப்படுத்தப்பட்டதும் தெரியவந்தால், கணவன் வீட்டார்தான் பதில் சொல்ல வேண்டும் என்று ஆனது. அதுவரை அடுப்பு பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

எரிவாயு அடுப்புக்கு இங்கிலாந்தில் 1826இலேயே ஜேம்ஸ் ஷார்ப் காப்புரிமை வாங்கிவிட்டார். நிலக்கரியிலிருந்து எடுத்த வாயு அது. நம் வீடுகளுக்கு உருளையில் வருவது பெட்ரோலிய வாயு. ஐம்பதுகளில் பம்பாயில் பர்மா ஷெல் விற்கத் தொடங்கியது. 1965இல் கல்கத்தாவில் இண்டேன் முதல் இணைப்பைக் கொடுத்தது. எங்கள் வீட்டுக்கு 1984இல் வந்தது. பெயர் பதிந்துவிட்டு ஐந்து ஆண்டுகள் காத்திருந்தோம். அவசரக்காரர்கள் எம்.பி. கோட்டாவுக்கு அலைந்தார்கள், ஏனென்றால் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கையில் கேஸ் கூப்பன்கள் இருந்த காலம் அது. பெண் வீட்டார் சீர்வரிசையில் அண்டா, குடத்தோடு கேஸ் அடுப்பும் சேர்ந்துகொண்டது. இணைப்புப் புத்தகம் அப்பா பெயரில்தான். அவர் இறந்த பிறகு பெயர் மாற்ற அம்மா சான்றிதழ்களைத் தூக்கிக்கொண்டு மூன்று முறை ஏஜென்சிக்கு நடந்தார்.

கேஸ் வந்ததும் உட்கார்ந்து சமைத்தவர்கள் எழுந்து நின்றார்கள். பெட்ரோலிய வாயு காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையில் படியும். அடுப்பு உருளையைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. அதனால் சிமெண்ட் மேடை வந்தது. மேடையின் உயரத்தை முடிவு செய்தவர் கொத்தனார். அம்மா ஐந்தடிக்கும் குறைவு. எங்கள் வீட்டு மேடைக்கு முன்னால் ஒரு பலகை கிடக்கும். அதில் ஏறி நின்றுதான் நாற்பது ஆண்டுகள் சமைத்தார்.

‘புகை இல்லை, கரி இல்லை, சுத்தம்’ என்றுதான் கேஸ் அடுப்பை விற்றார்கள். அது பொய்யில்லை. ஆனால் அழுக்கு போகவில்லை, இடம் மாறியது. மண் அடுப்பில் கஞ்சி பொங்கினால் சாம்பல் குடித்துவிடும்; மறுநாள் மெழுகினால் தடம் தெரியாது. கேஸ் அடுப்பில் பொங்குவது பர்னருக்குள் இறங்குகிறது. ஜெட் எனப்படும் ஊசித் துளையிலிருந்து வாயு வேகமாகப் பீறிடும்போது பக்கத்திலுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு குழாய்க்குள் போகும். இரண்டும் கலந்து பர்னர் துளைகள் வழியே வெளிவந்து நீலமாக எரியும். எரிவதற்கு முன்பே காற்றைக் கலந்துவிடும் இந்த உத்தி 1855இல் ஹைடல்பர்க்கில் புன்சன் தன் ஆய்வுக்கூடத்துக்கென்று செய்வித்த விளக்கிலிருந்து வருவது. அவர் பெயரை வேதியியல் வகுப்பில் படித்திருப்போம். சோற்றுக் கஞ்சியோ சாம்பாரோ துளையில் காய்ந்து ஒட்டினால், அல்லது குழாய்க்குள் கரப்பான் குடியேறினால், காற்று போதாமல் சுடர் மஞ்சளாகும். மஞ்சள் சுடர் பாத்திர அடியைக் கரியாக்கும், வாயுவை வீணாக்கும், மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடையும் சேர்க்கும். இந்திய தர நிறுவனம் வீட்டு அடுப்புக்குக் கேட்கும் வெப்பத் திறன் குறைந்தது 68 விழுக்காடு. கடையிலிருந்து வரும் நாளில் அது இருக்கும். அடுத்த பத்து ஆண்டுகளுக்கு அதைக் காப்பாற்றுவது யாரென்று தர நிர்ணயத்தில் எழுதப்படுவதில்லை.

அம்மா காப்பாற்றிய முறையை எழுதிவைக்கிறேன், ஏனென்றால் எந்த அடுப்புப் பெட்டியிலும் இதன் பாதிகூட அச்சாகி வரவில்லை. முதலில் ரெகுலேட்டரை மூட வேண்டும், அடுப்பு ஆற வேண்டும். பித்தளை பர்னரைக் கழற்றி, கொதித்து இறக்கிய வெந்நீரில் பழைய புளியைக் கரைத்து அதில் இரவு முழுக்கப் போட வேண்டும். காலையில் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் தங்கம் மாதிரி வரும். துளைகளை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தலாம். ஆனால் உள்ளே இருக்கும் ஜெட்டில் ஊசி படக் கூடாது. துளை பெரிதானால் வாயு அதிகம் வரும், சுடர் கெடும். அலுமினிய பர்னரைப் புளியிலோ சோடாவிலோ ஊறவைத்தால் கறுத்துவிடும், அதற்குச் சோப்பு நீர் போதும். கழுவிய பர்னரைக் கவிழ்த்துவைத்து ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் காயவிட வேண்டும். இல்லாவிட்டால் படபடவென்று வெடித்து எரியும். பாத்திரம் தாங்கும் கம்பியைக் கம்பி நாரால் தேய்த்தால் பூச்சு போய்த் துரு ஏறும். தண்ணீரைக் கொட்டி அலசுவது கூடவே கூடாது, ஏனென்றால் நாப் வழியே உள்ளே போகும் நீர் வால்வின் கிரீஸைக் கெடுத்து, நாப் இறுகிவிடும். கடைசியாக ட்யூப். இரண்டு முனைகளையும் வளைத்துப் பார்த்து வெடிப்பு இருக்கிறதா என்று தேட வேண்டும், எலிப்பல் பட்டிருக்கிறதா என்றும். சோப்பு நுரையை இணைப்புகளில் தடவி, குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்ப்பவரைக் கண்டால் அம்மா கையிலேயே அடிப்பார்.

இதைச் சொல்லும்போது அவர் குரல் மாறும். தாளிப்பைப் பற்றிப் பேசும்போது வராத அதிகாரம் அதில் வரும். எனக்கு இதில் அப்பத்தாவின் ‘அடுப்புப் போடத் தெரிந்த கை’ தெரிகிறது. ஆனால் அம்மாவின் கைக்கு அப்படிப் பெயர் எதுவும் கிடைக்கவில்லை. யாரும் கூப்பிட்டுப் போகவுமில்லை.

பெயர் இன்னொருவருக்குக் கிடைத்தது. தோளில் ஒரு பையோடு “கேஸ் ஸ்டவ் ரிப்பேர்” என்று குரல் கொடுத்துக்கொண்டே தெருவில் வரும் மெக்கானிக்குக்கு. ஒருமுறை வால்வு இறுகிப்போய் அம்மா அவரைக் கூப்பிட்டார். அவர் அடுப்பைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, “என்னம்மா, பர்னர் சுத்தமா இருக்கு, ட்யூபும் புதுசு. எதுக்கும் ஒரு சர்வீஸ் பண்ணிருவோமா?” என்றார். “தம்பி, சர்வீஸைத்தான் நான் தெனமும் பண்றேனே. நீ கிரீஸை மட்டும் போடு” என்றார் அம்மா. கிரீஸ் போட்டதற்கு அவர் கேட்டது 80 ரூபாய். அந்த மனிதர்மீது எனக்குக் குறை இல்லை. வெயிலில் நடந்து பிழைப்பவர். நான் கவனிப்பது அந்தச் சொல்லை. ஸ்க்ரூ டிரைவர் தொட்டால் சர்வீஸ், அதற்குக் கூலி உண்டு. பிரஷ்ஷும் ஈரத்துணியும் தொட்டால் துடைத்தல்.

ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983இல் வெளியிட்ட ‘மோர் வொர்க் ஃபார் மதர்’ என்ற நூல் இந்த இடத்தில் உதவுகிறது. அங்கே திறந்த கணப்பு போய் வார்ப்பிரும்பு அடுப்பு வந்தபோது மிச்சமானது விறகு வெட்டிய ஆணின் உழைப்பு. சமைத்துத் துடைத்த பெண்ணின் உழைப்பு அப்படியே நின்றது, வீடு எப்படி இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு ஏறியதால் கூடவும் செய்தது என்பது அவர் வாதம். இதை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. நம் கிராமங்களில் சுள்ளி பொறுக்கித் தலைச்சுமையாகக் கொண்டுவந்தது பெண்கள். கேஸ் அவர்கள் கழுத்திலிருந்து உண்மையாகவே ஒரு பாரத்தை இறக்கியது. விறகுக்கடையில் வாங்கி, கூலிக்கு ஆள் வைத்துப் பிளந்த நடுத்தர வீடுகளில்தான் கோவன் சொன்னது ஏறக்குறைய அப்படியே நடந்தது. எங்கள் வீட்டில் விறகுக் காலத்தில் அப்பா கடைக்குப் போனார். மண்ணெண்ணெய்க் காலத்தில் அண்ணன் ரேஷன் வரிசையில் நின்றான். கேஸ் வந்ததும் இருவருக்கும் விடுதலை. உருளை வீட்டு வாசலுக்கே வந்தது. எதிர்பார்ப்பு ஏறுவது மட்டும் எல்லா வர்க்கத்துக்கும் பொது. எவர்சில்வர் அடுப்பு வந்தபோது கைரேகைகூடத் தெரிந்தது. இப்போது கறுப்புக் கண்ணாடி மேல்தளம். பால் பொங்கினால் உடனே துடைக்கவும் முடியாது, ஏனென்றால் சூடான கண்ணாடியில் ஈரத்துணி பட்டால் விரிசல் விடலாம். ஆறும்வரை பக்கத்திலேயே நின்று, காய்ந்த பிறகு சுரண்ட வேண்டும். புது வீட்டில் பால் பொங்கினால் மங்கலம் என்று எல்லோரும் கூடி நின்று பார்க்கிறோம். அதே பால் மற்ற நாளில் பொங்கினால் “எங்க பராக்குப் பாத்துக்கிட்டு இருந்த?”

துடைத்த கை எப்போதும் வீட்டுப் பெண்ணின் கையும் இல்லை. எங்கள் தெருவின் பழைய வீடுகளில் பாத்திரம் தேய்க்க வருபவர் பின்வாசல் வழியாக வந்து முற்றத்தோடு போய்விடுவார். அடுப்பைத் தொட அவருக்கு அனுமதி கிடையாது; சாதிதான் காரணம், ‘ஆசாரம்’ என்று அதற்குப் பெயர். மாதவிலக்கு நாட்களில் வீட்டுப் பெண்ணுக்கும் அதே தடை. எழுபது வயதைத் தாண்டிய ஓர் அக்கா சொன்னார்: கூட்டுக் குடும்பம் கலைந்து தனிக்குடித்தனம் வந்த பிறகு அந்த மூன்று நாட்களும் அவரேதான் சமைத்தார், வேறு ஆள் இல்லை. நான்காம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு முதல் வேலையாக அடுப்பை முழுக்கக் கழுவ வேண்டும் என்று மாமியார் கடிதத்தில் எழுதினாராம். விலக்கின் தடை தளர்ந்தது, அதன் ஈடாக ஒரு கூடுதல் வேலை ஒட்டிக்கொண்டது.

இன்றைய அடுக்குமாடி வீடுகளில் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள். அடுப்பைத் துடைப்பது வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. பட்டியலில் என்றால் வாய்ப்பேச்சில். “பாத்திரம், பெருக்கித் துடைக்கிறதுன்னுதான் பேசினது. அடுப்பு ‘அப்படியே ஒரு துடை துடைச்சிரு’ன்னு சேந்துக்கிச்சு” என்றார் நான்கு வீடுகளில் வேலை செய்யும் ஒருவர். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நலவாரியம் 2007இல் அமைந்தது. பாத்திரத்துக்கு இவ்வளவு, துணிக்கு இவ்வளவு என்று பேரம் பேச முடிகிறது. அடுப்புக்கென்று தனிக் கூலி கேட்ட ஒருவரையும் நான் சந்திக்கவில்லை. தொடக் கூடாது என்று விலக்கிவைத்த காலத்திலும் சரி, தொட்டே ஆக வேண்டும் என்கிற காலத்திலும் சரி, அவர் அதைப் பற்றிப் பேச இடம் இருக்கவில்லை.

அரசின் கணக்கிலும் அதுதான் நிலை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள் என்று தெரிந்தது. ஈடுபடும் ஆண்களுக்கு 97 நிமிடங்கள். பெண்ணியவாதிகள் நாம் அடிக்கடி எடுத்துக்காட்டும் எண்கள் இவை. அந்தக் கணக்கெடுப்பு நாளை அரைமணித் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் பத்து நிமிடமாவது நீடித்த வேலைகளைத்தான் பதிந்தது. அடுப்பைத் துடைக்க எட்டு நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொண்டால் அது பதிவாகவே வாய்ப்பில்லை. எட்டு நிமிடம் ஆண்டுக்கு 48 மணி நேரத்துக்கு மேல், அதாவது எட்டு மணி நேர வேலை நாட்களில் ஆறு.

2006 தேர்தலில் ஏழைப் பெண்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு என்று திமுக வாக்குறுதி அளித்தது. அடுத்த ஆண்டு வழங்கத் தொடங்கியது. 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் உஜ்வலா திட்டம் தொடங்கியது. அதில் இணைப்பு வீட்டுப் பெண்ணின் பெயரில்தான். அப்பா பெயரில் இருந்த புத்தகத்துக்காக அம்மா அலைந்ததைப் பார்த்தவள் என்ற முறையில் இதை நான் சிறியதாக நினைக்கவில்லை. ஆனால் பெயரோடு பொறுப்பும் வந்தது. ட்யூபை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், பரிசோதனைக்கு வரும் மெக்கானிக்குக்குக் கட்டணம் தர வேண்டும், பர்னர் தேய்ந்தால் புதிது வாங்க வேண்டும். அடுப்பு ஒருமுறை கொடுக்கப்படுகிறது, பராமரிப்பு ஆயுள் முழுக்க. அதற்கு மானியம் இல்லை. உருளை விலை ஏறும்போது பலர் விறகுக்குத் திரும்புகிறார்கள், சிலர் ட்யூபைத் தள்ளிப்போடுகிறார்கள். இரண்டாவது எனக்கு அதிகம் பயமூட்டுகிறது, ஏனென்றால் வெடித்தால் மறுபடி அதே சொல்தான் வரும்: கவனக்குறைவு.

எங்கள் தெருக் கோடியில் இட்லி சுட்டு விற்கும் ஒரு மதினியிடம் 2007இல் வாங்கிய அரசு அடுப்பு இன்னும் எரிகிறது. எப்படி என்று கேட்டேன். அடுப்படிக் கதவின் உட்பக்கத்தைத் திறந்து காட்டினார். மேலிருந்து கீழாகக் கரிக்கட்டியாலும் பென்சிலாலும் மார்க்கராலும் எழுதிய தேதிகள். சிலிண்டர் மாட்டிய நாள் ஒவ்வொன்றும், அவற்றுக்கு நடுவே ‘டூப்பு’, ‘பெரிய பர்னல்’, ‘நாப்பு 2’ என்று மாற்றிய சாமான்கள், சிலவற்றுக்குப் பக்கத்தில் கொடுத்த ரூபாய். கதவுக்கு ஒருமுறை பெயின்ட் அடித்தபோது மகன் எல்லாவற்றையும் மூடிவிடப் பார்த்தானாம், இவர் விடவில்லை. அந்தப் பகுதி மட்டும் பழைய பச்சை நிறத்தில் நிற்கிறது. கையில் பட்டியலோடு அடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். நாப், பர்னர், கம்பி, ட்யூப், கால் ரப்பர் எல்லாம் மாறியிருக்கின்றன. அரசு கொடுத்ததில் மீதி இருப்பது சட்டமும் அதில் ஒட்டிய ஸ்டிக்கரின் பாதியும்தான். ஸ்டிக்கரைச் சுற்றித் துணி போகாத ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் பழைய எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. “அதை மட்டும் சொரண்டல டீச்சர், கிழிஞ்சிரும்னு” என்றார்.